புகார் கடிதம்: கரண்ட் போனதும் அடிவாங்கிய காந்த பேரிங் புளோயர்

அனுப்புநர்:
பராமரிப்புப் பொறுப்பாளர்,
சாயக்கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையம், திருப்பூர்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: டர்போ புளோயர் பழுது, வாரண்டி மறுப்பு தொடர்பாக.

ஐயா,

கழிவுநீருக்குக் காற்றூட்டும் எங்கள் ஏரேஷன் டேங்குக்கு நீங்கள் கொடுத்த காந்த பேரிங் புளோயர், முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய் நின்றது. கரண்ட் வந்த பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை. உங்கள் சர்வீஸ் இன்ஜினியர் வந்து எங்கள் முன்னால்தான் கழற்றினார். காந்தம் கைவிட்டால் ஷாஃப்டைத் தாங்க வைத்திருக்கும் துணை பேரிங்கில், குண்டு ஓடும் பாதை செதில் செதிலாகப் பெயர்ந்திருந்தது. ஷாஃப்ட் விழுந்து உரசிய இடத்தில் சூட்டில் சுற்றிலும் நீலம் பாய்ந்திருந்தது. அதற்குப் பிறகு உங்கள் அலுவலகம் அனுப்பிய பதில், மின்தடை எங்கள் தரப்புக் கோளாறு, துணை பேரிங் தேய்மானப் பாகம், எனவே வாரண்டி கிடையாது என்கிறது. இதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

காந்த பேரிங்கில் ஷாஃப்ட் எதன் மேலும் உட்காருவதில்லை. சுற்றியுள்ள மின்காந்தங்கள் அதை நாலாபக்கமும் இழுத்துப் பிடித்து அந்தரத்தில் நிறுத்துகின்றன. ஒரு பக்கம் நெருங்கினால் அந்தப் பக்கத்து இழுப்பே கூடிவிடும் என்பதால், சென்சார்கள் ஷாஃப்டின் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க, கன்ட்ரோலர் வினாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை காயில் கரண்டைக் கூட்டிக் குறைக்கிறது. நிரந்தரக் காந்தங்களை மட்டும் வைத்து ஒரு பொருளை அந்தரத்தில் அசையாமல் நிறுத்த முடியாது என்று ஆங்கிலேயக் கணிதவியலாளர் எர்ன்ஷா 1842-லேயே காட்டிவிட்டார். ஆக, கன்ட்ரோலருக்குக் கரண்ட் இல்லையென்றால் பேரிங்கே இல்லை. மின்தடை வரும் என்று தெரிந்துதானே இந்த மெஷினை வடிவமைக்கிறார்கள்?

அதற்கான வழியும் உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. கரண்ட் போன நொடியில், சுழன்றுகொண்டிருக்கும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, வேகம் தணியும்வரை பேரிங்குக்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். துணை பேரிங் தாங்க வேண்டியது அதுவும் கைவிட்ட பிறகுதான். எங்கள் மெஷினில் ஷாஃப்ட் முழு வேகத்திலேயே விழுந்திருக்கிறது. அந்த ஏற்பாடு ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கு உங்கள் பதிலில் ஒரு வரிகூட இல்லை. மெஷினை முதலில் ஓட்டிக்காட்டி கமிஷனிங் செய்தபோது அதை ஆன் செய்து சோதித்ததாகவும் நீங்கள் கொடுத்த ரிப்போர்ட்டில் காணவில்லை.

இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் எங்களுக்குக் குறை இல்லை. எரிவாயுக் குழாய்களின் கம்ப்ரசர்களிலும், பெரிய கட்டிடங்களின் சில்லர்களிலும், சிப் தொழிற்சாலைகளின் வாக்குவம் பம்புகளிலும் இது ஓடுகிறது. எண்ணெய் வேண்டாம், உரசல் இல்லை என்பதால்தான் கூடுதல் விலை கொடுத்து வாங்கினோம்.

புளோயர் நின்றால் டேங்கில் பாக்டீரியாவுக்குக் காற்று நின்றுவிடும். பழைய ரூட்ஸ் புளோயரை வைத்து இப்போது சமாளிக்கிறோம். கரைந்த ஆக்சிஜன் அளவு இறங்கி, டேங்க் நாற்றம் எடுக்கிறது. 2011 ஜனவரியில் கழிவுநீரே வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாததற்காக, சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட ஊர் இது. இங்கே சுத்திகரிப்பு தடைப்பட்டால் எத்தனை குடும்பங்களின் கூலி நிற்கும் என்பது உங்கள் விற்பனைப் பிரிவுக்கு நன்றாகத் தெரியும்.

கன்ட்ரோலரில் பதிவாகியுள்ள ஃபால்ட் லாக், ஷாஃப்ட் நகர்வுப் பதிவு இரண்டையும் உங்கள் இன்ஜினியர் லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு போனார். கேட்டதற்கு "கம்பெனி ரகசியம்" என்கிறீர்கள். எங்கள் மெஷினின் பதிவு எங்களுக்கு வேண்டும். துணை பேரிங்குகளை இரு முனையிலும் இலவசமாக மாற்றி, ஷாஃப்டை பாலன்ஸ் பார்த்து, எங்கள் ஆட்கள் முன்னிலையில் மெயின் சுவிட்சை அணைத்து, ஷாஃப்ட் கீழே விழாமல் வேகம் தணிவதைக் காட்டுங்கள். அதுவரை ஒரு மாற்று புளோயர் அனுப்புங்கள். 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், கொள்முதல் ஒப்பந்தத்தின் மத்தியஸ்தப் பிரிவின்படி நடவடிக்கை தொடங்குவோம். பாக்கியுள்ள கடைசித் தவணையும் அதுவரை வழங்கப்படாது.

இப்படிக்கு,
பராமரிப்புப் பொறுப்பாளர்

இணைப்பு: கழற்றிய பாகங்களின் படங்கள், கமிஷனிங் ரிப்போர்ட் நகல், தங்கள் மறுப்புக் கடிதத்தின் நகல்.