வைரம் என்று எழுதிய பாக்கெட்டில் வைரம் எங்கே?

அனுப்புநர்:
படிக மணி மாலை செய்யும் கைத்தொழிலாளி,
மயிலாடுதுறை.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்,
துளைக்கருவி விற்பனை நிறுவனம்.

பொருள்: 'வைரப் பூச்சு' என்று விற்கப்பட்ட 1 மி.மீ. டிரில் பிட்டுகளால் படிக மணிகள் பாழானது. பணமும் இழப்பீடும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் 1 மி.மீ. வைரப் பூச்சு டிரில் பிட் பாக்கெட் பற்றி நான் முன்பு அனுப்பிய புகாருக்குத் தங்கள் சேவைப் பிரிவு இரண்டே வரியில் பதில் அனுப்பியிருந்தது. 'தவறான பயன்பாட்டால் ஏற்பட்ட சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல. மணிகளை பாலிஷ் செய்வதற்கு முன்பே துளையிட்டிருக்க வேண்டும்.' இதை எழுதியவர் ஒரு மணியையாவது கையில் எடுத்துத் துளையிட்டவராக இருக்க மாட்டார். அதனால்தான் இந்த முறை விரிவாக எழுதுகிறேன்.

பாலிஷ் ஏற்றுவதால் கல் கடினமாகிவிடாது. மேற்பரப்பு மட்டுமே வழவழப்பாகிறது. படிகத்தின் கடினத்தன்மை, கற்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் 7. பாலிஷுக்கு முன்பும் 7, பின்பும் 7. வைரம் 10. பிட்டில் உண்மையிலேயே வைரத்தூள் ஒட்டியிருந்தால் இரண்டு நிலையிலும் அது கல்லை அறுக்கும். இல்லாவிட்டால் இரண்டு நிலையிலும் அறுக்காது. முன்பே துளையிட்டால் பாலிஷ் தூள் துளைக்குள் புகுந்து அடைத்துக்கொள்ளும், ஊசி வைத்துக் குடைந்தாலும் முழுதாகப் போகாது. அதனால் துளையைக் கடைசி வேலையாக வைப்பது என் வழக்கம். வேறு விதமாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள், அது அவரவர் கைப்பழக்கம்.

நடந்தது இதுதான். ஸ்டாண்டில் பொருத்திய டிரில் மெஷினில், தண்ணீர்த் தட்டுக்குள் மணியை மூழ்க வைத்து, மெதுவான வேகத்தில் பிட்டை இறக்கினேன். தூள் அடையாமல் அவ்வப்போது தூக்கித் தூக்கி இறக்கினேன். தண்ணீர் சூட்டைத் தணிப்பதற்கு மட்டும் அல்ல. படிகம் அறுபடும்போது வரும் சிலிக்கா தூள் நுரையீரலுக்குப் போனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். மறுபக்கத்தில் விளிம்பு சிதறாமல் இருக்க, பாதி ஆழம் போனதும் மணியைத் திருப்பி எதிர்ப்பக்கத்திலிருந்து துளையிட்டுச் சந்திக்க வைப்பதே முறை. படிகம் உள்ளே தெரியும் கல் என்பதால் பிட் இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். முதல் சில நொடிகள் வெள்ளையாகப் பால் போலக் கரைந்து வந்தது. அது கல் அறுபடும் அடையாளம். பிறகு தண்ணீர் சாம்பல் நிறமானது. அதாவது கல்லுக்குப் பதிலாகத் தங்கள் பிட் தேய்ந்துகொண்டிருந்தது. பூச்சு போன வெறும் உலோகம் கல்லில் உரசினால் சூடுதான் மிஞ்சும். அடுத்த கணம் துளையின் அடியிலிருந்து வெள்ளையாக ஒரு விரிசல் நட்சத்திர வடிவில் பரவியது. பிட்டின் நுனி ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. அந்த மணி இப்போதும் என்னிடம் இருக்கிறது, எடுத்த படத்தையும் இணைத்திருக்கிறேன்.

ஒரு பிட் மோசமாக இருக்கலாம் என்று அதே பாக்கெட்டிலிருந்து வேறு பிட்டுகளையும் போட்டுப் பார்த்தேன். முடிவில் மாற்றம் இல்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பக்கவாட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில துகள்கள். கல்லில் முதலில் படுகிற நுனி மொட்டையாக நிக்கல் பளபளப்புடன் நிற்கிறது. பயன்படுத்தாத ஒரு பிட்டின் நுனியை ஒடிந்த படிகத் துண்டில் தேய்த்தேன். கீறல் விழவில்லை, கல்லின் மேல் சாம்பல் நிறக் கோடுதான் ஒட்டியது, துணியால் துடைத்தால் போய்விடுகிறது. வைரம் படிகத்தைத் தொட்டுவிட்டுக் கீறாமல் போகுமா? இன்னொன்று: பாக்கெட்டில் 1 மி.மீ. என்று அச்சிட்டிருக்கிறீர்கள், வெர்னியர் அளவியில் அளந்தால் பிட்டுக்குப் பிட் மாறுகிறது. சில பிட்டுகளின் நுனி சுற்றும்போது வட்டம் போடுகிறது. மெஷின் காரணமாக இருக்குமோ என்று வேறொரு நிறுவனத்தின் பிட்டை அதே சக்கில் (பிட்டைப் பிடிக்கும் தலைப்பகுதியில்) மாட்டினேன். அது ஆடாமல் நின்று, அதே படிகத்தைச் சுத்தமாகத் துளைத்துக் காட்டியது.

குஜராத்தின் கம்பாத்தில் அகேட் என்ற கல்லில் மணி செய்பவர்கள் வில்லால் சுழற்றும் துளைக்கருவியின் நுனியில் இரண்டு சிறு வைரத் துணுக்குகளைப் பதித்தே துளையிட்டு வந்திருக்கிறார்கள். நம் பக்கம் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் படிகத்திலும் சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லிலும் மணி செய்த தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. மின்சாரம் இல்லாத காலத்து வேலை. மின்சார மெஷினும் உலோகப் பூச்சும் இருக்கும் இன்றைக்குத் தங்கள் பாக்கெட்டால் ஒரு மணியைக் கடக்க முடியவில்லை.

பிட் பாக்கெட்டின் விலை 450 ரூபாய். அதைப் பெரிதாகப் பேச மாட்டேன். பாழான மணிகளில் ஒன்று மேரு மணி. 108 மணி மாலையின் தலைமணி அது. அதன் குறுக்குத் துளையும் மேலிருந்து வரும் துளையும் உள்ளே சந்திக்க வேண்டும். காங்கேயத்தில் வாங்கிய ஒரே கல்லிலிருந்து வெட்டி, கையால் உருட்டி, சீரியம் ஆக்ஸைடு என்ற பாலிஷ் தூளில் பாலிஷ் ஏற்றியது. அதே தெளிவில் இன்னொரு மணிக்கு அந்தக் கல் மிச்சமில்லை. இந்த மாலையை ஐப்பசி மாதக் கடைசி நாளான கடைமுகத்துக்குள் தருவதாக முன்பணம் வாங்கியிருந்தேன். ஐப்பசி பிறந்தால் காவிரியில் துலா ஸ்நானத்துக்கு வெளியூர் ஜனங்கள் வருவார்கள். எங்கள் ஊரில் மாலை விற்கும் மாதம் அதுதான். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கொடுத்தவர் மறுபடி வருவாரா என்று தெரியவில்லை.

வணிகப் பயன்பாட்டுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்றும் தங்கள் ஊழியர் போனில் சொன்னார். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை ஒரு முறை புரட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தும் பொருளை 'வணிக நோக்கம்' என்று அந்தச் சட்டம் கருதுவதில்லை. எனக்கு வேலையாள் கிடையாது. வெட்டுவதும் உருட்டுவதும் கோப்பதும் நானே. புகார்தாரர் வசிக்கும் ஊருக்குரிய நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்கவும் அந்தச் சட்டம் இடம் தருகிறது. தங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் எனக்கு அலைச்சல் இல்லை.

பாக்கெட்டின் விலையையும், பாழான மணிகளின் மதிப்பையும் (தனித்தாளில் கணக்கு எழுதியிருக்கிறேன்) இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தொகுதியில் வந்த மற்ற பாக்கெட்டுகளையும் சோதித்து, வைரம் இல்லாதவற்றை விற்பனையிலிருந்து எடுத்துவிட வேண்டும். 'வேறு பாக்கெட் அனுப்புகிறோம்' என்ற பதில் வேண்டாம். அதில் துளையிட்டுப் பார்க்க என்னிடம் கல் இல்லை. தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்.

இணைப்பு: பில் நகல், பாக்கெட் அட்டை, ஒடிந்த பிட்டுகள், விரிசல் விட்ட மணிகளின் படங்கள், மதிப்புக் கணக்கு. மணிகளை அனுப்பவில்லை. பார்க்க வேண்டுமானால் ஆள் அனுப்புங்கள், என் மேசையிலேயே துளையிட்டுக் காட்டுகிறேன்.