என் கிட்டார் விறகு இல்லை: சேவைப் பிரிவு மேலாளருக்கு ஒரு புகார்

அனுப்புநர்: பெயரும் முகவரியும் உங்கள் ரசீதிலேயே இருக்கிறது (நான்கு முறை கேட்டு வாங்கி எழுதினீர்கள்). ஊர் காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, பெங்களூரு கிளை.

பொருள்: பழைய அக்கவுஸ்டிக் கிட்டாரைப் பழுது பார்த்துத் தருவதாக ரூ.6,850 வாங்கிக்கொண்டு, இருந்ததையும் கெடுத்துக் கொடுத்தது தொடர்பாக. ஐந்தாவது கடிதம்.

ஐயா,

வணக்கம். இதற்கு முன் மூன்று மெயிலும் ஒரு ஸ்பீட் போஸ்ட்டும் அனுப்பிவிட்டேன். மெயிலுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு டிக்கெட் நம்பர் வந்தது. ஸ்பீட் போஸ்ட்டுக்கு அதுகூட வரவில்லை. கோபப்படாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். "மரியாதையா எழுதுங்க, அப்பத்தான் கடைசி வரைக்கும் படிப்பாங்க" என்று என் மனைவியும் சொன்னாள். சரி, மரியாதையாகவே தொடங்குகிறேன்.

1989-ல் 600 ரூபாய் கொடுத்து வாங்கிய கிட்டார் அது. சீட்டு எடுத்த பணம். அந்தக் காலத்தில் நீங்கள் விற்ற மாடல்களிலேயே விலை குறைந்தது. உங்கள் சரக்கைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை: ஒட்டுப்பலகையில் மேல் பலகை, அதன் அடியில் ஏணிப்படி மாதிரி குறுக்குக் கட்டைகள், ஒரு தகட்டுக்கு மூன்றாக இரண்டு தகட்டில் கம்பி முறுக்கும் கீ, கழுத்து முனையில் கம்பியைத் தாங்கும் பிளாஸ்டிக் நட், மறுமுனையில் பிரிட்ஜ் கட்டை மேல் கம்பியைத் தாங்கும் பிளாஸ்டிக் சாடில். கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி, அதாவது ட்ரஸ் ராட், கிடையாது. சவுண்ட் ஹோலுக்குள் எட்டிப் பார்த்தால் காகித லேபிளில் மையால் எழுதிய நம்பர் இன்னும் தெரியும்.

அந்தக் கிட்டாரைத் தூக்கிக்கொண்டுதான் நாங்கள் ஐந்து பேர் மெல்லிசைக் குழு நடத்தினோம். காரிமங்கலம், பர்கூர், பாலக்கோடு, ராயக்கோட்டை என்று எங்கள் குழு ஏறாத மாரியம்மன் கோயில் மேடை கிடையாது. பிறகு கல்யாணம், கடை, பிள்ளைகள் என்று கிட்டார் பீரோ மேலே போய்விட்டது. போன வருஷம் இறக்கிப் பார்த்தபோது பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கிக்கொண்டு, ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு இடைவெளி. 12வது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி 5 மி.மீ. உயரத்தில் நின்றது. அதில் பாதி இருந்தால்தான் விரல் தாங்கும். கீயில் துரு.

எங்கள் தெரு ஆசாரியே பிரிட்ஜை எடுத்து ஒட்டித் தருகிறேன் என்றார். "வஜ்ரப் பசையில ஒட்டினா, நாளைக்கு வேணும்னா சூடு காட்டிக் கழட்டிக்கலாம்" என்று அவர் சொன்னதைக் கேட்டிருக்க வேண்டும். நான்தான் கேட்காமல், செய்தவர்களே செய்தால் சரியாக இருக்கும் என்று உங்களிடம் கொண்டுவந்தேன். உங்கள் விளம்பரத்திலும் "பழைய மாடல்களைப் புதுப்பித்து மேம்படுத்தித் தருகிறோம்" என்றுதான் போட்டிருந்தது.

பிப்ரவரியில் கொடுத்தேன். ஒரு மாதம் என்றீர்கள். ஜூன் மூன்றாம் வாரம் கையில் வந்தது. வந்ததைச் சொல்கிறேன்.

ஐயா, நான் தையற்காரன். முப்பத்தைந்து வருஷமாக டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறவன். கால் இன்ச் தப்பினால் சட்டை தோளில் நிற்காது. உங்கள் கிட்டாரைக் கொண்டுவந்த அன்று ராத்திரியே கம்பியைச் சுருதி சேர்த்தேன். கம்பியை அழுத்தாமல் திறந்து அடித்தால் சரியாக இருக்கிறது, மேலே போகப் போகச் சுருதி ஏறுகிறது. 12வது ஃப்ரெட்டில் காதே கூசுகிறது. ஸ்டீல் ஸ்கேல் எடுத்து அளந்தேன். நட்டிலிருந்து 12வது ஃப்ரெட் வரை 323 மி.மீ. அங்கிருந்து சாடில் வரை அதே அளவும், கம்பியை அழுத்தும்போது ஏறும் சுருதிக்கு ஈடாக மேற்கொண்டு இரண்டு மூன்று மி.மீட்டரும் இருக்க வேண்டும். அதாவது 325 குறையக் கூடாது. இருப்பது 318. ஏழு மில்லிமீட்டர் முன்னே வந்து உட்கார்ந்திருக்கிறது சாடில்!

எப்படி என்று நானே கண்டுபிடித்தேன். பழைய பிரிட்ஜை வீசிவிட்டு உங்கள் புது மாடலின் பிரிட்ஜை எடுத்து ஒட்டியிருக்கிறீர்கள். கம்பியைப் பிடிக்கும் முளை போடும் ஓட்டைக்கு ஓட்டை அழகாகப் பொருந்துகிறது. ஆனால் புது மாடலில் ஓட்டைக்கும் சாடிலுக்கும் இடைவெளி அதிகம். சாடில் எங்கே வந்து விழுகிறது என்று யாரும் ஸ்கேல் வைத்துப் பார்க்கவில்லை. பழைய பிரிட்ஜ் இருந்த இடம் புது பிரிட்ஜுக்குப் பின்னால் வெளுத்த பட்டையாக, வார்னிஷ் சுரண்டிய காயத்தோடு, பல் விழுந்த ஈறு மாதிரி தெரிகிறது. வேண்டுமானால் படம் எண் 2 பாருங்கள்.

இதைப் போனில் சொன்னேன். முதலில் இந்தி, அப்புறம் கன்னடம், அப்புறம் தமிழ் தெரிந்த ஒரு தம்பி வந்தார். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டுவிட்டு, "ட்ரஸ் ராடைக் கால் சுத்து திருப்பிப் பாருங்க சார், சரியாயிடும்" என்றார். அந்த மாடலில் ட்ரஸ் ராடே இல்லை என்பது செய்து விற்ற உங்களுக்குத் தெரியாதா? அப்படியே ராட் இருந்தாலும், சாடில் தப்பான இடத்தில் இருப்பதற்குக் கழுத்தில் திருப்பி என்ன ஆகப்போகிறது? அடுத்த நாள் வேறொருவர், "உங்க ஊர் வெயிலுக்கு மரம் நகர்ந்திருக்கும்" என்றார். எங்கள் ஊரில் வெயில் உண்டுதான். கோடையில் பலகை சுருங்கும், ஒட்டு விடும், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஒட்டிய பிரிட்ஜ் நிமிராமல் நெளியாமல் ஏழு மி.மீ. நடந்து போகுமா ஐயா?

இதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். உங்கள் கவுண்டரில் கண்ணாடி போட்ட ஒருவர் இருக்கிறாரே, அவரை மன்னிக்க முடியாது. ஜூனில் வாங்க வந்தபோது, கம்பி ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது என்றுதான் கேட்டேன். பக்கத்தில் இரண்டு கல்லூரிப் பிள்ளைகள் நிற்கிறார்கள். அவர்கள் முன்னால், கிட்டாரை ஒரு விரலால் தட்டி, "அங்கிள், இது கிட்டார் இல்ல, விறகு. இதுக்கு இவ்ளோ செலவு பண்றதுக்கு இன்னும் கொஞ்சம் போட்டுப் புதுசு எடுத்திருக்கலாம்" என்றார். அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். பணத்தை வாங்கி டிராயரில் போட்ட பிறகு விறகு! பிப்ரவரியில் அட்வான்ஸ் வாங்கும்போது அதே ஆள், "விண்டேஜ் பீஸ் சார், பத்திரமா வெச்சிருக்கீங்க" என்றாரே, அன்றைக்கு அது என்ன மரம்?

அந்தக் கம்பி விஷயம். நீங்கள் போட்டிருப்பது 13 செட், கனமான கம்பி. ஆறு கம்பியும் சேர்ந்து 80 கிலோவுக்கு மேல் இழுக்கும். ஏணிப்படிக் கட்டை வைத்த பழைய ஒட்டுப்பலகைக்கு மெல்லிய 10 செட் போட்டாலே போதும், 60 கிலோவோடு போய்விடும். நாங்கள் மெல்லிசை வாசித்த காலத்திலேயே எங்களுக்குத் தெரிந்த சங்கதி இது. இப்போது பிரிட்ஜின் பின்னால் மேல் பலகை வயிறு தள்ள ஆரம்பித்துவிட்டது. ஸ்கேலைக் குறுக்கே வைத்தால் ஊஞ்சல் ஆடுகிறது. கம்பியை நான் தளர்த்தி வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் இந்நேரம் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும்.

அப்புறம் எலும்பு. பில்லில் "எலும்பு நட், சாடில் – ரூ.1,400" என்று இருக்கிறது. நான் பட்டனோடு வாழ்கிறவன். எலும்புப் பட்டன் எது, பிளாஸ்டிக் எது என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வழி உண்டு. ஊசியைச் சிவக்கக் காய்ச்சி, சாடிலைக் கழற்றி, அதன் அடியில் வைத்தேன். பொசுக்கென்று இறங்கியது. பிளாஸ்டிக் வாடை கடை முழுக்க. எலும்பில் ஊசி இறங்காது, முடி கருகின வாடைதான் வரும். அந்தச் சாடிலையும் ஊசி ஓட்டையையும் சேர்த்துப் படம் எடுத்திருக்கிறேன், எண் 4. நட்டை நான் சோதிக்கவில்லை. அதையும் கெடுக்க மனசு வரவில்லை.

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை என்னை வரச் சொன்னீர்களே, அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. சனிக்கிழமை உங்கள் அலுவலகத்திலிருந்தே போன்: "ரெடி, திங்கட்கிழமை வந்து வாங்கிக்கங்க." எங்கள் கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது ஐயா. காலை ஐந்தரைக்குக் கிளம்பி, கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் மாறி, ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளியில் நின்று நின்று, பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மணி நேரம் ஊர்ந்து, ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தால் ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. செக்யூரிட்டி, "இன்னைக்கு ஸ்டாக் எடுக்குறாங்க, யாரையும் விட வேணாம்னு சொல்லியிருக்காங்க" என்கிறார். உள்ளே லைட் எரிகிறது, ஆட்கள் டீ குடிக்கிறார்கள், கண்ணாடி வழியாகத் தெரிகிறது. போன் செய்தால் "உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்" என்று பெண் குரல். படியில் உட்கார்ந்து கட்டிக்கொண்டு வந்த தயிர் சோற்றைத் தின்றுவிட்டுத் திரும்பினேன். அந்தச் செக்யூரிட்டிதான் ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்தார். உங்கள் கம்பெனியில் மனுஷத்தன்மை உள்ளவர் அவர் ஒருவர்தான், அவரை மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.

அது பள்ளி யூனிஃபார்ம் சீசன். எனக்கு வருஷத்தில் சோறு போடும் ஆறு வாரம். ஒரு நாள் கடையைப் பூட்டினால் எத்தனை சட்டை, எத்தனை பாவாடை பின்தங்கும் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டு பள்ளிக்கூடத்து ஆர்டர் அந்த ஒரு நாளால்தான் கைவிட்டுப் போனது என்று நான் உறுதியாகச் சொல்வேன். ஆடி மாதம் பழைய குழுவில் மிச்சம் இருக்கிற நாலு பேர் மறுபடி மேடை ஏறினோம். நான் ஒரு கல்லூரிப் பையனிடம் கிட்டார் கடன் வாங்கி வாசித்தேன். அறுபது வயதுக்காரன் கடன் கிட்டாரோடு நிற்பதை ஊரே பார்த்தது. முப்பது வருஷம் சேர்த்த பெயர் ஒரே ராத்திரியில் போயிற்று. பஸ், ஆட்டோ செலவு ரூ.2,100, உங்கள் பில் ரூ.6,850, தையல் நஷ்டம், மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாது. நான் அவ்வளவு கேட்கவில்லை. கேட்டால் தப்பில்லை என்று சொல்கிறேன்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான். பழைய பிரிட்ஜையும், பழைய கீத் தகடு இரண்டையும் திருப்பித் தாருங்கள். துருவானாலும் அவை என் பொருள். என்னைக் கேட்காமல் எடுத்துவிட்டு, தனித்தனிக் கீ வைப்பதற்குத் தலைப்பலகையில் ஆறு புது ஓட்டை போட்டிருக்கிறீர்கள். புது பிரிட்ஜை எந்தப் பசையில் ஒட்டினீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வாடையைப் பார்த்தால் இரண்டு டியூப் கலந்து ஒட்டுவது மாதிரி இருக்கிறது. அப்படியானால் கழற்றும்போது மேல் பலகையும் சேர்ந்து உரியும் என்று ஆசாரி பயப்படுகிறார். எலும்பு என்று வாங்கிய 1,400-ஐயும் பிரிட்ஜ் வேலைக்கு வாங்கிய 2,200-ஐயும் திருப்பித் தாருங்கள். மீதி வேலையை நான் இங்கேயே பார்த்துக்கொள்கிறேன். கிட்டாரை மறுபடி உங்களிடம் அனுப்பச் சொல்லாதீர்கள், அனுப்ப மாட்டேன்.

பதினைந்து நாள் பார்ப்பேன். பதில் வராவிட்டால் முதலில் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்வேன். அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் வருஷ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாடிக்கையாளர் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பெங்களூருக்கு வர வேண்டியதில்லை. ஐந்து லட்சத்துக்கு உட்பட்டால் கட்டணமும் கிடையாது. என் கடைக்கு எதிரே இருக்கும் வக்கீல் நான் தைத்த கோட்டைத்தான் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறார். கடைசியில் என்னோடு நீங்கள் இங்கே வந்து ஒரு திங்கட்கிழமை படியில் உட்கார வேண்டியிருக்கும்.

அப்படி ஒரு நிலை வர வேண்டாம் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். உங்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை. அந்தக் கிட்டாரில்தான் நான் வாசிக்கவே கற்றேன், அதைச் செய்ததும் உங்கள் கம்பெனிதான். தயவுசெய்து தமிழ் தெரிந்த, அந்த மாடலைக் கண்ணால் பார்த்த ஒருவரைப் பேசச் சொல்லுங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், காலையில் மெஷின் சத்தத்தில் போன் கேட்காது.

இப்படிக்கு,
உங்கள் 1989-ஆம் வருஷத்து வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், படங்கள் 6, மூன்று டிக்கெட் நம்பர்கள்.

பின்குறிப்பு: கண்ணாடிக்காரரை வேலையை விட்டு எடுக்கச் சொல்லவில்லை. அவர் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கட்டும், தமிழிலேயே. "விறகு" என்பதைத் தமிழில்தானே சொன்னார்.