ஒரே ஓர் ஆண் என்று சேர்க்காதீர்கள்: குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

குழந்தைப் பராமரிப்புப் பயிற்சி நடத்துபவர்களுக்கும், காப்பகங்களை நிர்வகிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

18 வருடங்கள் ஒரு காப்பகத்தில் மழலையர் அறையைப் பார்த்துக்கொண்டவள் நான். கடைசி 7 வருடங்கள் ஆள் எடுக்கும் பொறுப்பும் என்னிடம்தான் இருந்தது. அந்த 7 வருடத்தில் வேலை கேட்டு வந்த ஆண்கள் மூன்றே பேர். ஒருவரைத்தான் எடுத்தேன். அவரும் 8 மாதத்தில் போய்விட்டார். இந்த வேலைக்கு ஆண்களும் வர வேண்டும் என்று இப்போது நீங்கள் பேச ஆரம்பித்திருப்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். ஆனால் வந்தவர் நிலைத்து நிற்க என்ன ஏற்பாடு என்ற பேச்சு எங்கும் காதில் விழவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் வாரம் குழந்தைகள், நான் எடுத்த அந்தத் தம்பியையும் ‘மிஸ்’ என்றே கூப்பிட்டார்கள். அந்த அறையில் இருக்கும் பெரியவர் என்றால் மிஸ்தான், வேறு சொல் அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் ‘அங்கிள்’ என்று சொல்லிக்கொடுத்த பிறகும் ஒரு பையன் மட்டும் மிஸ்ஸை விடவே இல்லை. அந்தத் தம்பியும் திரும்பி, “என்னடா கண்ணு” என்பார்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் குழந்தை, ஒன்றே முக்கால் வயது. காலையில் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. நாங்கள் எல்லோரும் கையை நீட்டி “வா வா” என்போம், அவள் இன்னும் இறுக்கிக்கொள்வாள். இவர் கையை நீட்டவில்லை. வாசலுக்கு நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்து, மூடி போட்ட டப்பாக்களை எடுத்து, பெரிய டப்பாவுக்குச் சின்ன மூடி, சின்ன டப்பாவுக்குப் பெரிய மூடி என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. மூன்றாவது நாள் அழுகை நின்றது. ஐந்தாவது நாள் அவளே அம்மாவின் மடியிலிருந்து இறங்கி வந்து, அவர் கையிலிருந்த மூடியைப் பிடுங்கிச் சரியான டப்பாவில் வைத்தாள். 18 வருடத்தில் நான் பார்த்த மிக அழகான வேலைகளில் அது ஒன்று.

சரி, அப்புறம் என்ன நடந்தது?

ஒரு தாய் என்னிடம் தனியாக வந்து, தன் மகளுக்கு அவர் டயப்பர் மாற்ற வேண்டாம் என்றார். அவருடைய பயத்தை நான் இன்றும் குறை சொல்ல மாட்டேன். பெண் குழந்தையைப் பெற்றவர்களுக்கு அந்தப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். தப்பு என்னுடையது. பிரச்சினை வேண்டாம் என்று நினைத்து, எந்தக் குழந்தைக்குமே அவர் டயப்பர் மாற்றக் கூடாது, தூங்கும் அறையில் இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் ஒன்றும் பேசவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். அன்றிலிருந்து அவர் பங்கு வேலையும் மற்ற மூன்று பேர் தலையில் விழுந்தது. அவர்களுக்கு எரிச்சல், இவருக்குக் கூச்சம். மழலையர் அறையில் கழுவுவது, துடைப்பது, தூங்க வைப்பது இவற்றை எடுத்துவிட்டால் என்ன மிச்சம் இருக்கிறது? பந்து பொறுக்கிப் போடும் ஆளாகத்தான் அவரை வைத்திருந்தேன்.

இப்போது யோசித்தால் செய்ய வேண்டியது கண்ணெதிரே இருந்திருக்கிறது. ஆண் பெண் வித்தியாசம் இல்லாமல் யாரும் மூடிய கதவுக்குப் பின்னால் குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது. டயப்பர் மாற்றும் மேசை இன்னொருவர் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். கதவில் கண்ணாடி வேண்டும். வேலைக்கு எடுக்கும் ஒவ்வொருவரின் பின்னணியையும் விசாரிக்க வேண்டும். குழந்தையைப் பாதுகாப்பது இந்த ஏற்பாடுகள்தான். ஆணை விலக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொள்கிறோம். அந்த நம்பிக்கை குழந்தைக்கு நல்லதில்லை. அந்தத் தாயிடம் அன்றைக்கே அறையைச் சுற்றிக் காட்டி இதை விளக்கியிருந்தால் அவர் ஒப்புக்கொண்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

இந்த வேலை ஆணின் இயல்புக்கு ஒத்துவராது என்பவர்கள் உங்களிலும் இருப்பார்கள். பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 600க்கும் மேற்பட்ட ஆண்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. அப்பாவான பிறகு அவர்களுடைய உடம்பில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனின் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள தினமும் அதிக நேரம் செலவிட்டவர்களிடம் இன்னும் குறைவு. தூக்கி வளர்க்க வளர்க்க ஆணின் உடம்பும் அதற்குத் தக்கபடி மாறுவதாகத் தெரிகிறது. அதோடு, கிண்டர்கார்டன் என்ற சொல்லையே 1840இல் தந்தவர் ஃபிரெட்ரிக் ஃப்ரோபெல் என்ற ஆண்தான். நம் மொழியில் இந்த வேலைக்குப் புழங்கும் பெயர் ‘ஆயா’. அதற்கு ஆண்பாலே கிடையாது. பெயரே இல்லாத வேலையைத் தேடி ஒரு பையன் எப்படி வருவான்?

இதற்கு நேரெதிர்த் தப்பு ஒன்றும் இருக்கிறது. ‘அப்பா இல்லாத குழந்தைகளுக்கு ஆண் முன்மாதிரி’, ‘ஆண்கள் வந்தால் ஓடியாடி விளையாடுவார்கள்’ என்று சொல்லி அவர்களை அழைப்பது. தயவுசெய்து அப்படி அழைக்காதீர்கள். ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரில் ஓர் ஆய்வு நடந்தது. ஆண் பராமரிப்பாளர்களும் பெண் பராமரிப்பாளர்களும் ஒரே மாதிரி சூழலில் குழந்தைகளோடு பொருட்கள் செய்து விளையாடுவதைப் படம் பிடித்து ஒப்பிட்டார்கள். குழந்தையை அணுகும் விதத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் தம்பிக்குப் பந்தாட்டத்தில் ஆர்வமே இல்லை. மடியில் நாலு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கதை படிப்பதுதான் அவருக்குப் பிடிக்கும். நான் பந்தைக் கொடுத்தேன்.

வளர்ந்த நாடுகளின் அமைப்பான ஓஇசிடியின் கணக்கில்கூட, மழலையர் ஆசிரியர்களில் 100க்கு 5 பேர்கூட ஆண்கள் இல்லை. நார்வே 1990களிலேயே 20 சதவீதம் என்று இலக்கு வைத்து வேலை செய்தது. இலக்கை இன்னும் எட்டவில்லை, ஆனால் 10 சதவீதத்தை ஒட்டி வந்திருக்கிறது. ஜெர்மனி செய்தவற்றில் இரண்டு எனக்குப் பிடித்தவை. 2011 முதல் நாடு முழுக்க ஆண்டுக்கு ஒரு நாள் பள்ளிப் பையன்கள், ஆண்கள் குறைவாக இருக்கும் வேலையிடங்களுக்குப் போய் அந்த வேலையைச் செய்து பார்க்கிறார்கள். மழலையர் காப்பகமும் அதில் உண்டு. இன்னொன்று, 2015இல் தொடங்கிய ஒரு திட்டத்தில் வேறு தொழிலில் இருந்த பெரியவர்கள், ஆண்களும் பெண்களும், ஊதியம் வாங்கிக்கொண்டே பராமரிப்புப் பயிற்சி பெற்றார்கள். என்னிடம் வேலை கேட்டு வந்த மூன்று பேருமே முப்பதைத் தாண்டியவர்கள், சொந்தக் குழந்தையை வளர்த்த பிறகு இந்த ஆசை வந்தவர்கள். வீட்டு வாடகை கட்டும் மனிதரிடம் இரண்டு வருடம் வருமானம் இல்லாமல் படியுங்கள் என்றால் என்ன செய்வார்?

சம்பளம் குறைவு என்பதால்தான் ஆண்கள் வருவதில்லை என்பது பாதி உண்மை. ஆனால் ஆண்கள் வந்தால் சம்பளம் ஏறும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. இத்தனை காலம் இதைச் செய்த பெண்களுக்கே அது கிடைத்திருக்க வேண்டும். ஏற்றுவதாக இருந்தால் அவர்களுக்கும் சேர்த்து ஏற்றுங்கள். இன்னொரு விஷயம், பெண்கள் அதிகமுள்ள தொழில்களில் ஆண்கள் மளமளவென்று மேலே தள்ளப்படுவதை 1992இல் கிறிஸ்டின் வில்லியம்ஸ் என்ற சமூகவியலாளர் ‘கண்ணாடி எஸ்கலேட்டர்’ என்று எழுதினார். வந்த ஆறே மாதத்தில் ஓர் ஆணை அலுவலக நாற்காலியில் உட்கார வைத்தால் சக பெண்களின் மனசு விட்டுப்போகும், குழந்தைகளுக்கும் அவர் கிடைக்க மாட்டார்.

கடைசியாக, நான் அதிகம் வருந்துவது எங்கள் தம்பி தனியாக இருந்ததைப் பற்றி. சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் ஐந்து பெண்களும் ஒரு மேசையில் இருப்போம். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுவார். கூப்பிட்டால் வருவார், வந்தால் நாங்கள் பேச்சை மாற்றுவோம். உடை மாற்ற அவருக்கு இடமில்லை. ஒரு தகப்பன் அவரை வாசல் காவலர் என்று நினைத்துச் சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இதையெல்லாம் சிரித்துச் சொல்ல இன்னொருவர் பக்கத்தில் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். நான் திருப்பி அனுப்பிய மற்ற இருவரில் ஒருவரையாவது சேர்த்திருக்கலாம்.

அதனால் உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த பயிற்சி வகுப்பில் ஒரே ஓர் ஆண் என்று சேர்க்காதீர்கள். மூன்று நான்கு பேர் வரும்வரை தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். செயல்முறைப் பயிற்சிக்கு அனுப்பும்போது ஒரே காப்பகத்துக்கு இரண்டு பேராக அனுப்புங்கள். அவர்களை எடுத்துக்கொள்ளும் காப்பகம் டயப்பர் மேசையை எங்கே வைத்திருக்கிறது என்று முதலில் நேரில் போய்ப் பாருங்கள்.

அந்தத் தம்பி இப்போது வேறு வேலையில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். டப்பாவுக்குச் சரியான மூடி போட்ட அந்தக் குழந்தை, அவர் போன பிறகு இரண்டு வாரம் வாசலில் அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தாள்.

இப்படிக்கு,
மழலையர் அறையின் முன்னாள் பொறுப்பாளர் ஒருவர்