முட்டை விலையோடு தாள் விலையையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழா நெருங்கினாலே உங்கள் இதழில் உள்ளூர் எழுத்தாளர்களைப் பற்றிய செய்திகள் வரிசையாக வருகின்றன. சந்தோஷம்தான். நூலை யார் வெளியிட்டார், முதல் பிரதியை யார் பெற்றுக்கொண்டார், யார் யாருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள் என்று எல்லாம் இருக்கிறது. அந்த நூலை அச்சடிக்க எழுதியவர் எவ்வளவு கைக்காசு போட்டார், அதில் எவ்வளவு வீணாகப் போனது என்பது மட்டும் எந்தச் செய்தியிலும் இல்லை. கோபியில் புத்தகங்களுக்குப் பக்க வடிவமைப்பும் அட்டையும் செய்து பிழைப்பவன் நான். என்னிடம் வருகிறவர்களில் கவிஞர்கள் உண்டு, ஓய்வுபெற்ற வாத்தியார்கள் உண்டு, குலதெய்வக் கோயில் வரலாறும் தங்கள் குலக் கூட்டத்தின் வரலாறும் எழுதிக்கொண்டு வருகிற பெரியவர்கள் நிறைய உண்டு. எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "ஏனுங்க, ஒரு புத்தகம் போட என்னங்க ஆகும்?"

இதற்கு ஒற்றை எண்ணைப் பதிலாகச் சொல்கிற ஆளை நம்பாதீர்கள் என்பதுதான் என் கட்சி. அந்தியூர்ப் பக்கத்துத் தலைமையாசிரியர் ஒருவர் ஒரு பதிப்புச் சேவைக்காரர் கொடுத்த கொட்டேஷனைக் கொண்டுவந்து காட்டினார். நல்ல கெட்டித் தாளில், வண்ண முத்திரையோடு, ஒரே ஒரு வரி: 'நூல் தயாரிப்பு, 500 பிரதிகள், முழுத் தொகுப்பு', பக்கத்தில் ஒரு தொகை. எந்தத் தாள், எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு), எத்தனை பிளேட் (பக்கங்களை ஏற்றி அச்சடிக்கிற தகடு), என்ன பைண்டிங், அட்டைக்கு மங்கலான மேட் லேமினேஷனா பளபளக்கும் கிளாஸா, ஒன்றும் கிடையாது. வீடு கட்டுகிறவரிடம்கூட செங்கல் எவ்வளவு, கம்பி எவ்வளவு என்று நாம் பிரித்துக் கேட்கிறோம், புத்தகம் என்றதும் கூச்சம் வந்துவிடுகிறது.

சரி, கணக்குக்கு வருவோம். 160 பக்கம், டெம்மி அளவு, அதாவது வெட்டிய பிறகு ஐந்தரைக்கு எட்டரை அங்குலம், 500 பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சகங்களில் புழங்குகிற 23க்கு 36 அங்குலத் தாள் ஒன்றில் டெம்மிப் பக்கம் 32 வரும். ஆக ஒரு புத்தகத்துக்கு ஐந்து தாள், 500 பிரதிக்கு 2500 தாள், அதாவது ரீமுக்கு 500 தாள் வீதம் ஐந்து ரீம். உள்பக்கங்களுக்கு வழக்கமாகப் போடுகிற மேப்லித்தோ தாள், 70 ஜிஎஸ்எம் என்றால் அந்த அளவில் ஒரு ரீம் ஏறக்குறைய 18.7 கிலோ எடை. ஐந்து ரீமுக்கு 93.5 கிலோ, அச்சில் வீணாவதையும் சேர்த்து நூறு கிலோ. இந்த நூறு கிலோ இன்றைக்கும் நூறுதான், அடுத்த வருஷமும் நூறுதான், கோவையில் அடித்தாலும் சிவகாசியில் அடித்தாலும் நூறுதான். மாறுவது கிலோவின் விலை மட்டும். அது தெரிந்துவிட்டால் உங்கள் புத்தகத்தின் தாள் செலவை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே போட்டுவிடலாம்.

அடுத்தது பிளேட். அந்தத் தாளைப் பாதியாக வெட்டி ஓட்டுகிற சின்ன டெம்மி மிஷினில் ஒரு பிளேட்டுக்கு எட்டுப் பக்கம், எனவே 160 பக்கத்துக்கு 20 பிளேட், நான்கு வண்ண அட்டைக்கு இன்னொரு நான்கு. இந்தச் செலவு 100 பிரதிக்கும் அதே, 1000 பிரதிக்கும் அதே. 500லிருந்து 1000க்குப் போனால் தாள் இரட்டிக்கும், பைண்டிங் இரட்டிக்கும், ஆனால் பிளேட்டும், டிடிபி என்கிற கணினித் தட்டச்சும், மெய்ப்புத் திருத்தமும் அப்படியே நிற்கும். அதனால்தான் பிரதி கூடக்கூட ஒன்றின் அடக்க விலை இறங்குகிறது. இதைச் சொல்லித்தான் "ஆயிரமாப் போட்டுருங்க, ஒரு பிரதி இவ்வளவுதான் விழும்" என்று ஆசை காட்டுவார்கள். இறங்குவது பிரதியின் விலை, கையை விட்டுப் போகும் மொத்தக் காசு ஏறுகிறது என்பதையும், மீதி எழுநூறு பிரதி பரணில் கிடக்கும் என்பதையும் யாரும் சொல்ல மாட்டார்கள். இருநூறு, முந்நூறுக்குக் கீழே என்றால் பிளேட்டே இல்லாத டிஜிட்டல் அச்சுதான் பெரும்பாலும் கட்டுப்படியாகும். முதலில் நூறு அடித்து, போதவில்லை என்றால் மறுபடி அடித்துக்கொள்ளலாம், ஒன்றும் கௌரவக் குறைச்சல் இல்லை.

பக்க எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பாதித் தாளின் இரண்டு புறமும் சேர்ந்த பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். 160 என்றால் சுத்தமாகப் பத்து ஃபாரம். 164 என்று முடிந்தால் அந்த நான்கு பக்கத்துக்காகத் தனியாக ஒரு பிளேட், தனியாக ஒரு ஓட்டம். நன்றியுரையில் நாலு பேரைக் குறைக்கச் சொன்னால் மனஸ்தாபம் வரும், எழுத்தின் அளவைக் கால் புள்ளி குறைத்தால் யாருக்கும் தெரியாது. அப்புறம், "டெம்மி வேண்டாம், கிரவுன் அளவில் போட்டால் மலிவு" என்று ஒரு பேச்சு உண்டு. கிரவுன் பக்கம் சின்னது, அதனால் அதே விஷயம் 160லிருந்து 220க்கு மேல் போய்விடும். மொத்தத் தாள் கிட்டத்தட்ட அதேதான் ஆகும், பிளேட்டுதான் கூடும். கவிதைப் புத்தகத்துக்கு கிரவுன் அழகு, ஒத்துக்கொள்கிறேன். மலிவு என்பதை ஒத்துக்கொள்ள முடியாது.

இப்போது அட்டை. அதிகமாகக் கெட்டுப்போவது இங்கேதான். முன்னட்டை, பின்னட்டை, நடுவில் முதுகு, மூன்றும் சேர்ந்த ஒரே தாள்தான் அட்டை. முதுகின் அகலம் தெரியாமல் அட்டையை வடிவமைக்கவே முடியாது, ஆனால் பாதிப்பேர் புத்தகத்தை எழுதி முடிக்கும் முன்பே அட்டையை முடித்துவிடுகிறார்கள், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் போட வேண்டும்! முதுகு என்பது பக்கத்தில் பாதி, அதாவது இதழ்களின் எண்ணிக்கை, பெருக்கல் ஓர் இதழின் தடிமன். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ சுமார் 0.09 மில்லிமீட்டர். 160 பக்கம் என்றால் 80 இதழ், 7.2 மி.மீ., அட்டையின் தடிமனும் சேர்த்து எட்டு என்று வையுங்கள். டெம்மி மில்லிமீட்டரில் 140க்கு 216. எனவே அகலம் 140, 8, 140, கூட்டினால் 288. வெட்டுக்காக ஒவ்வொரு விளிம்பிலும் ப்ளீட் என்று 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும், ஆக அட்டையின் முழு அளவு 294க்கு 222.

ஜிஎஸ்எம் என்பது எடை, தடிமன் அல்ல. ஒரே 70 ஜிஎஸ்எம், ஒரு மில்லின் தாள் புசுபுசுவென்று இருக்கும், இன்னொன்று வழவழவென்று அமுங்கி இருக்கும். இது தெரியாமல் பசங்கள் இணையத்தில் கிடைக்கிற கணக்குப் பெட்டியில் பக்க எண்ணிக்கையைத் தட்டி, வந்த எண்ணை அப்படியே முதுகுக்கு வைத்துவிடுகிறார்கள். எழுத்தாளர்கள் தாங்களே புத்தகம் போட அமேசான் நடத்துகிற கேடிபி சேவையின் கணக்கு வெள்ளைத் தாளுக்குப் பக்கத்துக்கு 0.002252 அங்குலம், கிரீம் தாளுக்கு 0.0025 அங்குலம். அது அவர்கள் தாளுக்குச் சரியான கணக்கு. 300 பக்கத்துக்கு கிரீம் கணக்கில் 19 மி.மீ. வரும். அதே 300 பக்கத்தை இங்கே 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோவில் அடித்தால் பதின்மூன்றரைதான். ஐந்தரை மில்லிமீட்டர் வித்தியாசம். முதுகுக்கென்று தீட்டிய சிவப்புப் பட்டை முன்னட்டையில் ஒரு கீற்று, பின்னட்டையில் ஒரு கீற்று என்று வழிந்து நிற்கும், தலைப்பு ஓரமாகச் சாயும். புத்தகம் பைண்டிங் முடிந்து கைக்கு வந்த பிறகுதான் அது தெரியும், அதற்குள் 500 அட்டையும் லேமினேஷன் ஆகியிருக்கும்.

மைக்ரோமீட்டர் எல்லாம் தேவையில்லை. அச்சகத்துக்குப் போய், உங்கள் புத்தகத்துக்கு ஓட்டப் போகிற அதே தாளில் பிரிக்காத ரீம் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். உறையை விட்டுவிட்டு உயரத்தை ஸ்கேலால் அளந்து 500ஆல் வகுத்தால் ஓர் இதழின் தடிமன். 45 மி.மீ. இருந்தால் 0.09. இன்னும் நிச்சயம் வேண்டும் என்றால் அதே தாளில் ஒன்றும் அச்சடிக்காத டம்மி ஒன்று கட்டித் தரச் சொல்லுங்கள், நல்ல அச்சகக்காரர் மறுக்க மாட்டார். மறுத்தால் அதுவே ஒரு தகவல். ஒன்று சொல்லிவிடுகிறேன், எண்பது பக்கத்துக்குக் குறைந்த புத்தகத்துக்கு முதுகில் எழுத்தே வேண்டாம், மூன்றரை மி.மீ.யில் தலைப்பை நிறுத்துவது சர்க்கஸ்.

அட்டையின் அளவு அழகு சம்பந்தப்பட்டது மட்டுமல்ல, காசு சம்பந்தப்பட்டது. டிஜிட்டல் அச்சில் அட்டைக்கு ஆர்ட் போர்டு என்கிற கெட்டித் தாள் 12க்கு 18 அங்குலத்தில் ஓடுகிறது, மில்லிமீட்டரில் 305க்கு 457. நம் 294க்கு 222 அட்டை அதில் இரண்டு அடங்கும், பக்கவாட்டில் ஐந்தைந்து மி.மீ.தான் மிச்சம். புத்தகம் தடித்து முதுகு 14 ஆனால் அகலம் 300, வெட்டுக்குறி போட இடமில்லை. பெரிய 13க்கு 19 தாளுக்குப் போக வேண்டும், அதை எல்லா இடத்திலும் வைத்திருப்பதில்லை. இல்லாவிட்டால் ஒரு தாளுக்கு ஓர் அட்டைதான். உள்ளே மடிகிற ஃபிளாப் வேண்டும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள், புகைப்படமும் தன்குறிப்பும் போட வசதி. பக்கத்துக்கு எண்பது மி.மீ. வைத்தால் அகலம் 454 ஆகிவிடும், 13க்கு 19லும் ஒன்றுதான் வரும். அட்டைச் செலவு அப்படியே இரட்டை. தன்குறிப்பைப் பின்னட்டையில் போட்டால் என்ன?

கடைசியாக, காசே கொடுக்க வேண்டாத இடத்தில் காசு வாங்குவது. ஐஎஸ்பிஎன், அதாவது ஒவ்வொரு நூலுக்கும் தருகிற சர்வதேச அடையாள எண், இந்தியாவில் இலவசம். தில்லியில் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கொடுக்கிறது, இணையத்தில் எழுத்தாளரே தன் பேரில் விண்ணப்பிக்கலாம். இதற்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், விண்ணப்பித்துக் கொடுத்த கூலி என்று வெளிப்படையாகச் சொல்லி வாங்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை, 'ஐஎஸ்பிஎன் கட்டணம்' என்று எழுதி வாங்கினால் உண்டு. இன்னொன்று, சேவைக்காரரின் பேரில் எண் வாங்கினால் பதிப்பாளர் அவர்தான், நீங்கள் அல்ல. 1954ஆம் வருஷச் சட்டப்படி பதிப்பாளர் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் மும்பை, தில்லி நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அதை யார் அனுப்புவது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். அச்சான புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை என்பதால் அடக்கச் செலவிலும் வரி இல்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், தாளுக்கு உண்டு.

விலை வைப்பதைப் பற்றி நீட்டி எழுதவில்லை. கடைக்காரருக்கு 30 முதல் 40 சதவீதம் கழிவு போகும், மிஞ்சுவது அடக்கத்தைத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் எழுதியது உங்களிடம் ஒரு காரியம் கேட்கத்தான். நாமக்கல் முட்டை விலை தினமும் உங்கள் இதழில் வருகிறது. கறிக்கோழி, ஈரோட்டு மஞ்சள், கொப்பரை, திருப்பூர் பனியன் நூல் விலை எல்லாம் வருகின்றன. அதனால்தான் பண்ணைக்காரரை வியாபாரி அவ்வளவு சுலபமாக ஏமாற்ற முடிவதில்லை. கரும்புச் சக்கையில் தாள் செய்யும் தமிழ்நாடு காகித ஆலை புகளூரில் இருக்கிறது. காவிரிக்கு அக்கரையில் பள்ளிபாளையத்தில் சேஷசாயி ஆலை இருக்கிறது. இரண்டு மில்லும் நம் கொங்கு மண்ணில்தான், ஆனால் தாள் கிலோ என்ன விலை என்று இங்கே புத்தகம் போடுகிற ஒருவருக்கும் தெரியாது. மாதம் ஒரு முறை, முதல் வாரத்தில், நான்கு வரி போதும்: 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ கிலோ, 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு கிலோ, டெம்மி பிளேட் ஒன்று, மேட் லேமினேஷன் சதுர அங்குலத்துக்கு. ஈரோட்டிலும் கோவையிலும் தாள் மொத்தக் கடைகளில் உங்கள் நிருபர் கேட்டால் சொல்லிவிடுவார்கள். கோபி நிலவரத்துக்கு ஆள் வேண்டும் என்றால் நான் ஒன்றாம் தேதியே எழுதி அனுப்பிவிடுகிறேன், சம்பளம் வேண்டாம். ஜூலையில் கோவை கொடிசியா புத்தகக் கண்காட்சிக்கு அச்சுக்குப் போகிறவர்கள் மே மாதமே கொட்டேஷன் வாங்கத் தொடங்கிவிடுவார்கள், எனவே ஏப்ரல் மாதத்திலேயே ஆரம்பித்தால் நல்லது.

அன்புடன்,
பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.