பித்தளைத் தகட்டுக்கு மயங்காதே

அன்புள்ள செல்வம்,

கடிதமும் படங்களும் வந்தன. இங்கே எல்லோரும் சுகம். நேராக நீ வாங்க நினைக்கும் அந்த எம்/96 ஸ்வீடிஷ் மவுசருக்கே, அந்தப் பழைய ராணுவத் துப்பாக்கிக்கே வருகிறேன்.

கையில் எடுத்ததும் போல்ட்டை (பின்னால் இழுத்துத் திறக்கும் உருளையை) திறந்து, சேம்பர், அதாவது தோட்டா உட்காரும் அறை, காலிதானா என்று விரல் விட்டுப் பார். மற்றதெல்லாம் பிறகு.

விற்பவர் பெருமையாகக் காட்டும் பித்தளைத் தகடு, துப்பாக்கியின் மரக்கட்டையில் வலப்பக்கம் ஒற்றைத் திருகில் நிற்கிறது. பேரல் (குழல்) துளையின் விட்டமும் நிலையும் அதில் குறித்திருக்கும். நிலைக்கு 1, 2, 3 என்று தரம், 1 உயர்ந்தது. ஆனால் திருகைக் கழற்றினால் எந்தத் தகடும் எந்தத் துப்பாக்கிக்கும் போகும். பேரலைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு வம்பு: செம்புப் படிவு குழிகளை மூடி, துளையைப் பளபளப்பாகக் காட்டும். செம்பு கரைக்கும் திரவம் போட்டு, துணியில் நீலப் பச்சை வராத வரை துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடி.

அடுத்து எண்கள். ரிசீவரில் (போல்ட் ஓடும் இரும்புக் கூட்டில்) முழு எண். போல்ட், சேஃப்டி, ட்ரிகர் கார்டு (விசையைச் சுற்றிய வளையம்), மரத்தையும் பேரலையும் பிடிக்கும் பட்டைகள், பட் பிளேட் (கட்டையின் பின்முனை இரும்பு) எல்லாவற்றிலும் கடைசி மூன்று இலக்கம். பட்டை எண் மாறினால் விலைதான் குறையும். போல்ட் எண் மாறியிருந்தால் தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்கும் ஹெட்ஸ்பேஸ் கேஜ் வைத்துப் பார்க்காமல் சுடவே கூடாது.

மரத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்களா என்று அறிய, பட் பிளேட் விளிம்பை நகத்தால் தடவு. இரும்பு மரத்தைவிட மேலே துருத்தினால் தேய்த்திருக்கிறார்கள். கிரீடம் போட்ட பரிசோதனை முத்திரைகளும் மங்கியிருக்கும். போல்ட் கருப்பேற்றாத வெள்ளை இரும்பாக, மெருகோடு இருப்பதே சரி. கருப்பேற்றியிருந்தால் பின்னால் செய்த வேலை.

மூடிய போல்ட்டில் முட்டும்படி பேரல் முனை வழியே ஒரு கம்பியை விட்டு நீளம் அள: 739 மி.மீ. வர வேண்டும். 600 வந்தால் உடனே ஒதுக்காதே. ஸ்வீடிஷ் ராணுவமே பல எம்/96-களை வெட்டி, எம்/38 என்ற குட்டை வகை ஆக்கியது. அவற்றின் போல்ட் கைப்பிடி நேராகவே இருக்கும். 1942-44இல் ஹுஸ்க்வர்னா தொழிற்சாலை புதிதாகச் செய்த எம்/38-களில்தான் கீழ்நோக்கி வளைந்தது. வேட்டைக்காரர் வெட்டியதும், ஸ்கோப்புக்காக (குறிபார்க்கும் தொலைநோக்கிக்காக) ரிசீவரைத் துளையிட்டதும் வேறு கதை. சேகரிப்பவர் அதைத் தொடமாட்டார்.

ரிசீவரின் முன்பக்க வளையத்தில் தொழிற்சாலையின் பெயரும் ஆண்டும் படி. ஸ்வீடன் அரசின் கார்ல் குஸ்தாஃப் தொழிற்சாலை 1898 முதல் 1925 வரை லட்சக்கணக்கில் செய்தது. ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃப் ஊர் மவுசர் தொழிற்சாலை 1899, 1900இல் மட்டும் சுமார் 40,000. ஹுஸ்க்வர்னா எம்/96 அதிலும் பாதிதான்.

வளையம், போல்ட், பேரல் முனை மூன்றையும் கிட்டத்தில் படமெடுத்து அனுப்பு. அதுவரை முன்பணம் கொடுக்காதே. ஸ்வீடனில் இதற்கு உரிமம் வேண்டும், அதையும் மறவாதே.

அன்புடன்,
ராமு