பாவடிச் சுவர் ஓவியம்: ஆடி பிறப்பதற்குள் ரூ.82,500 வேண்டும்

மாரியம்மன் துணை

சேலம் குகையில் வாழும் நம் தெரு மக்களுக்கும், பிழைப்புக்காகத் திருப்பூர், பெங்களூரு என்று போய்விட்ட நம் பிள்ளைகளுக்கும் சுவர் ஓவியக் குழுவின் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறோம். ஆனி முடிய 19 நாள்தான் இருக்கிறது. ஓவியர்கள் 11 நாள் கேட்கிறார்கள். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஸ்பிரே கேனிலிருந்து வரும் வண்ணம் எம்மாத்திரம்? சுவரில் விழ வேண்டியது பக்கத்து வீட்டு வண்டி மேல் படியும். கோடு கோடாக நிற்காமல் புகையாகக் கலைந்துபோகும். ஆடித் திருவிழாவில் அலங்கார வண்டிகள் வரும் வண்டி வேடிக்கை பார்க்க ஊரே நம் தெரு வழியாகத்தான் வரும். அதற்குள் அம்மன் அந்தச் சுவரில் எழுந்தருள வேண்டும்.

அது எந்தச் சுவர் என்று பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறோம். இன்று டூவீலர் நிறுத்தும் இடத்தில் நிற்கிறதே, அந்தச் சுவர்தான். அந்த இடம்தான் நம் பாவடி, அதாவது பாவு (தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்) நீட்டிய களம். விடிவதற்கு முன்பே இங்கே பாவு நீட்டுவார்கள். வெயில் ஏறுவதற்குள் கஞ்சி போட்டு, இழையோடு இழை ஒட்டாமல் பிரித்து, காயவைத்துச் சுருட்டியாக வேண்டும். ஒரு வீட்டுப் பாவு என்றால் நாலு வீட்டு ஆள் வந்து நிற்கும். கூலி பேசியதில்லை. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. அறுந்த இழையை இருட்டிலேயே விரலால் தடவிக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்ட கைகள் நம் தாத்தாக்களுடையவை. புவிசார் குறியீடு பெற்ற சேலம் வெண்பட்டு என்று இன்று பெருமையாகப் பேசுகிறோமே, அந்தப் பேர் இப்படிப்பட்ட பாவடிகளில் சம்பாதித்தது. தறிச் சத்தம் கேட்டுத் தூங்கி, தறிச் சத்தம் கேட்டு எழுந்த தெரு இது. இன்று நாலே வீட்டில்தான் தறிக்குழி இருக்கிறது.

அதனால்தான் ஓவியத்தின் இடப்பக்கம் பாவு நீட்டும் காட்சி, வலப்பக்கம் தறியில் நாடா (ஊடு நூலைக் கொண்டு குறுக்கே ஓடும் கட்டை) ஓடும் காட்சி, நடுவில் அலங்கார வண்டியில் அம்மன், பின்னால் சேர்வராயன் மலை என்று முடிவு செய்தோம். சுவர் 60 அடி நீளம், 12 அடி உயரம்.

"பிரஷ்ஷில் வரைந்தால் பாதிச் செலவில் முடியுமே" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நம் சுவர் சொரசொரப்பானது. பிரஷ் பள்ளத்துக்குள் இறங்காது, ஸ்பிரே இறங்கும். மலை மேல் மூடுபனி கரைவதுபோல் ஒரு நிறம் இன்னொன்றில் மெல்லக் கரைய வேண்டுமானால் ஃபேட் கேப் (அகலமாகத் தூவும் கேன் மூடி) மாட்டி, இரண்டு அடி தள்ளி நின்று தூவ வேண்டும். அம்மன் மூக்குத்திக்கு ஸ்கின்னி கேப் (மெல்லிய கோடு விடும் மூடி) போட்டு, சுவரை ஒட்டிப் பிடித்து, ஒரே வீச்சில் இழுக்க வேண்டும். பாவு இழைகளுக்கு அட்டையில் அச்சு வெட்டியிருக்கிறோம். அதைச் சுவரோடு அழுத்திப் பிடிக்காவிட்டால் வண்ணம் அடியில் புகுந்து இழை மங்கிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை பழைய பிளைவுட் பலகையில் பழகிப் பார்த்தோம். தறிக்குத் தார் (நாடாவுக்குள் வைக்கும் நூல் குழல்) சுற்றும் ஆயா ஒருவர் வந்து கேனை வாங்கி அழுத்தினார். கை ஒரு இடத்தில் நின்றது, வண்ணம் வழிந்தது. "அழுத்துறதுக்கு முன்னாடியே கையை ஓட விடுங்க ஆயா, விட்ட பிறகும் ஓடட்டும்" என்றார் ஓவியர். அடுத்த கோடு நூல் பிடித்ததுபோல் வந்தது. "நாடா விடுற மாதிரிதான்டா" என்றார் ஆயா. அந்தப் பலகையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

சுவருக்கே இவ்வளவு செலவா என்பவர்களுக்கு ஒரு பழைய கதை. சில ஆண்டுகளுக்கு முன் இதே சுவரில் அவசரமாக ஒரு படம் வரையச் சொன்னோம். ஓதம் எடுத்த சுவரைச் சுரண்டவில்லை, பிரைமர் அடிக்கவில்லை. ஒரே மழையில் உப்புப் பூத்து, அம்மன் முகத்திலேயே செதில் செதிலாக உரிந்தது. அதைப் பார்த்து அழுதவர்கள் இந்தத் தெருவில் உண்டு. இந்த முறை பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, விரிசலை அடைத்து, புதுப் பூச்சு பூசி, 28 நாள் பொறுத்துத்தான் பிரைமர் அடித்தோம். பச்சைச் சிமெண்டின் காரம் வண்ணத்தைத் தின்றுவிடும். அதன் மேல் எமல்ஷன் இரண்டு கை ரோலரில் ஓட்டியாகிவிட்டது.

இனி கணக்கு. சுவர் வேலை 38,000. பிரைமர், எமல்ஷன் 22,000. ஸ்பிரே கேன் 120, ஒன்று 450 வீதம் 54,000. சாரம் 14,000. ஓவியர் மூவருக்கு 75,000. மாஸ்க், கையுறை 9,000 (துணி மாஸ்க் இந்த ஆவியைத் தடுக்காது, ஆவியை வடிகட்டும் கார்ட்ரிட்ஜ் வைத்ததுதான் வேண்டும்; நம் பிள்ளைகளும் கூட நிற்கிறார்கள், இதில் பேரம் பேச மாட்டோம்). வெயிலில் வெளுக்காமலிருக்க மேல்பூச்சு வார்னிஷ் 18,000. மொத்தம் ரூ.2,30,000. வந்தது 1,47,500. குறைவது 82,500. முடிந்துவிட்ட சுவர் வேலை, பிரைமர், எமல்ஷன் செலவும், ஓவியர்களுக்கு முன்பணம் 25,000 கொடுத்ததும் போகக் கையில் 62,500 இருக்கிறது. கேன் வாங்கினால் சாரத்துக்குக் காசு பற்றாது.

கொடுத்தவர்களை நினைக்காமல் மேலே எழுத மனம் வரவில்லை. பத்து ரூபாய் நோட்டுகளாக 500 ரூபாயைச் சேலை முந்தானையில் முடிந்து கொண்டுவந்த முறுக்கு விற்கும் அம்மா, கேட்பதற்கு முன்பே 10,000 கொடுத்த கொலுசுப் பட்டறை அண்ணன்மார், உண்டியலை உடைத்து 1,340 ரூபாய் தந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், கொத்தனார் கூலியில் இரண்டு நாளை விட்டுக்கொடுத்த மேஸ்திரி, தினமும் டீ கொடுத்துக் கணக்கே எழுதாத கடைக்காரர். ஒரு காலத்தில் சினிமா பேனர் எழுதிய பெரியவர் தன் கண் பார்வை மங்கியும் வந்து, சுவரில் கட்டம் போட்டு அம்மன் முகத்தை அளந்து கொடுத்தார். அம்மன் உங்கள் குலத்தைக் காக்கட்டும்.

மற்றவர்களிடம் உரிமையோடு சொல்கிறோம். வாட்ஸ்அப்பில் கைகூப்பிப் படம் போட்ட வீடுகள் 60-க்கு மேல். நோட்டில் பேர் இருப்பது 34. பாவடியைப் பார்த்து வாசல் வைத்த வீடுகளிலேயே ஐந்து வீட்டுப் பேர் இன்னும் இல்லை. கஷ்டம் இருக்கலாம், அவர்களைக் கேட்க மாட்டோம். வசதி இருந்தும் தள்ளிப்போடுகிறவர்கள், தங்கள் தாத்தாவின் பாவுக்கு யார் யார் வந்து கை கொடுத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 450 ரூபாய் கொடுத்தால் ஒரு கேன் உங்களுடையது. முடியாதவர்கள் காலை ஆறு மணிக்கு வாருங்கள், கேன் குலுக்கிக் கொடுக்க ஆள் வேண்டும். சுவர் மேற்குப் பார்த்தது, பதினோரு மணி வரை நிழல் இருக்கும். சூடேறிய சுவரில் அடித்தால் வண்ணம் பொடிப்பொடியாக ஒட்டும் என்பதால் அதற்குள் அன்றைய வேலை முடிந்தாக வேண்டும்.

வசூல் நோட்டு மாலை ஆறிலிருந்து எட்டு வரை கோயில் திண்ணையில் இருக்கும். ரசீது உடனே தருவோம். வெளியூரில் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கொடுத்தனுப்பலாம். வரும் வெள்ளி இரவு நோட்டைக் கூட்டிப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை காலை கேன் வாங்கப் போகிறோம்.

இப்படிக்கு,
சுவர் ஓவியக் குழுவினர்,
குகை, சேலம்