மலைக் கட்டம் ஓடுபவர்கள் கவனத்துக்கு

நண்பர்களே, நம் தொடர் ஓட்டத்தில் மலைக் கட்டம், அதாவது மலையில் ஏறி இறங்கும் பகுதி, யாருக்கு வந்தாலும் இதைப் படித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் ஆள் மாறுவது தொடர் ஓட்டத்தில் சகஜம்.

ஏற்றத்தில் கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை மறந்துவிடுங்கள். சமதளத்தில் கிலோமீட்டருக்கு 5 நிமிடம் எடுப்பவர் அங்கே 7 நிமிடம் எடுத்தாலும் நன்றாகத்தான் ஓடுகிறார் என்று அர்த்தம். மூச்சுதான் அளவுகோல்: இரண்டு மூன்று வார்த்தையாவது பேச வர வேண்டும். அடியைச் சுருக்குங்கள், கையை நன்றாக வீசுங்கள். மிகச் செங்குத்தான இடத்தில் தொடையில் கை ஊன்றி விறுவிறுவென்று நடக்கலாம். பல நேரம் ஓடுபவருக்கு இணையாகவே போவீர்கள், மூச்சும் மிஞ்சும்.

எனக்குக் கவலை இறக்கத்தைப் பற்றித்தான். அங்கே முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. ஓடும்போது சுகமாக இருக்கும். வலி ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். ஆனால் கால் பலம் சில மணி நேரத்திலேயே குறைந்துவிடும். அதே நாளில் இன்னொரு கட்டம் ஓட வேண்டியவர் இதை மனதில் வையுங்கள். பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போடாதீர்கள். லேசாக முன்சாய்ந்து, சின்னச் சின்ன அடியாக இறங்குங்கள்.

அப்புறம், அடுத்து ஓட வேண்டியவர், முன்னவர் வந்து சேர்வார் என்று கணக்குப் போட்ட நேரத்துக்கு 15 நிமிடம் முன்பே உடலைச் சூடாக்கிக்கொண்டு தயாராக நில்லுங்கள். ஓடி முடித்தவருக்கு உலர்ந்த சட்டையும் தண்ணீரும் வண்டியில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இன்றே எனக்குச் சொல்லுங்கள், கட்டத்தை மாற்றிக்கொள்ளலாம்.